14 வயதில் பந்தைத் தொட்டவர்: டிம் டங்கனின் 19 பருவங்கள் பற்றிய விவாதம்

வெள்ளவத்தை_அப்பா

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு அடுத்த மாதம் 14 வயது நிறைகிறது. ஆறு வயதிலிருந்து நீச்சல் பழகி வந்தவன், கடந்த ஒரு வருடத்துக்குள் விறுவிறுவென்று வளர்ந்து இப்போது என்னையும் தாண்டி நிற்கிறான். கூடைப்பந்து விளையாட வேண்டும் என்று தானாகவே கேட்டுப் பயிற்சிக்குப் போனான். அங்கே பொறுப்பில் இருந்தவர் அவனுடைய வயதைக் கேட்டுவிட்டு, "பத்து வயதில் வந்திருக்க வேண்டும், இனிக் காலம் கடந்துவிட்டது" என்று கூறித் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டு நாட்களாக அவன் யாருடனும் சரியாகப் பேசவில்லை.

இதை அறிந்த அலுவலக நண்பர் ஒருவர், அமெரிக்காவின் என்.பி.ஏ என்ற தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரில் ஆடிய டிம் டங்கனைப் பற்றி வாசிக்கச் சொன்னார். ஒரு வாரமாக வாசிக்கிறேன். அமெரிக்க வேர்ஜின் தீவுகளில் ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர் வாழும் செயின்ட் குரோய் என்ற சிறிய தீவில், 1976 ஏப்ரல் 25 அன்று அவர் பிறந்திருக்கிறார். தாய் மருத்துவிச்சி, தந்தை கட்டட மேசன். மூத்த சகோதரி டிரிசியா 1988 சியோல் ஒலிம்பிக்கில் நீந்தியவர். டங்கனும் ஃப்ரீஸ்டைல் நீச்சலில் தம் வயதுப் பிள்ளைகளுள் முன்னணியில் நின்று, 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கைக் குறிவைத்துப் பழகியிருக்கிறார். 1989 செப்டெம்பரில் ஹியூகோ சூறாவளி அந்தத் தீவிலிருந்த ஒரேயொரு ஒலிம்பிக் அளவு நீச்சல் தடாகத்தை அழித்துவிட்டது. பயிற்சியைக் கடலுக்கு மாற்றினார்கள். சுறாக்களுக்கு அஞ்சிய அந்தச் சிறுவனுக்கு அங்கே மனம் ஒன்றவில்லை. அடுத்த ஆண்டு ஏப்ரல் 24 அன்று, அவருடைய 14ஆவது பிறந்தநாளுக்கு முந்திய நாள், தாய் மார்பகப் புற்றுநோயால் இறந்துபோனார். அதன் பிறகு அவர் போட்டி நீச்சலுக்குத் திரும்பவேயில்லை. இன்னொரு மூத்த சகோதரியான செரிலின் கணவர் ரிக்கி லோரி என்பவர்தான் அவருக்குக் கூடைப்பந்தைப் பழக்கியிருக்கிறார்.

என் கேள்வி இதுதான். ஒரு தகப்பன் தன் மகனுக்கு இந்த வாழ்க்கையை உதாரணமாகக் காட்டலாமா? அல்லது இது உலகில் ஒருவருக்கு மட்டும் நிகழ்ந்த அபூர்வம் என்று எண்ணி, பிள்ளைக்குப் பொய் நம்பிக்கை கொடுக்காமல் விட்டுவிட வேண்டுமா? விளையாட்டை அறிந்தவர்கள் தயவுசெய்து மனம் திறந்து எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனை_பயிற்றுநர்

வணக்கம் ஐயா. இருபது வருடங்களுக்கு மேலாகப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கி வருகிறேன். உங்கள் மகனுக்குச் சொல்லப்பட்டது தவறு. உயரமான பிள்ளைகள் இந்த விளையாட்டுக்குப் பிந்தி வருவது உலகெங்கும் வழக்கம், ஏனெனில் அந்த உயரமே அவர்களுக்குப் பிந்தித்தான் வருகிறது. பிந்தி வருபவருக்குப் பந்தை ஓட்டிச் செல்லும் கைப்பழக்கம் குறைவாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் காலடி, உடலைத் திருப்புதல், பலகையைப் பயன்படுத்துதல் ஆகியவற்றைப் 14 வயதில் தொடங்கி மிகச் சுத்தமாகக் கற்க முடியும். தவறாகப் பழகியதை மறக்கடிக்க வேண்டிய வேலை அந்தப் பிள்ளையிடம் இல்லை என்பது ஒரு பயிற்றுநருக்குப் பெரிய நிம்மதி.

டங்கனின் கலையைப் புரிந்துகொள்ள விரும்பினால் அவருடைய ஒரே ஒரு அடியைப் பார்த்தால் போதும். கூடையின் இடப்பக்கத்தில், பலகைக்கு ஏறத்தாழ 45 பாகைக் கோணத்தில் நின்று, எதிராளியை முகத்துக்கு நேர் பார்த்து, பந்தைப் பலகையின் சதுரக் கோட்டு மூலையில் மெதுவாகத் தட்டி வளையத்துக்குள் விழுத்துவார். 59 சென்றிமீற்றர் அகலமும் 45 சென்றிமீற்றர் உயரமும் கொண்ட அந்தச் சதுரம் எல்லா மைதானத்துப் பலகையிலும் வரையப்பட்டிருக்கிறது. எங்கள் பிள்ளைகளில் பலர் அது அலங்காரக் கோடு என்றே எண்ணியிருக்கிறார்கள். வளையத்தை நேராகக் குறிவைப்பவருக்குப் பந்து சற்று நீண்டாலும் சற்றுக் குறைந்தாலும் பிழைத்துவிடும். பலகையில் படும் பந்தோ அங்கே தன் வேகத்தின் ஒரு பகுதியை இழந்து விழுவதால், அந்தக் கோணத்தில் சிறிய பிழையைப் பலகை மன்னித்துவிடும். இளைஞர்கள் அதைப் பழைய காலத்து அடி என்று ஒதுக்கிய நாட்களில், டங்கன் அதைக் கொண்டே பிழைத்தார். ஷக்கீல் ஓநீல் அவருக்கு வைத்த பட்டப்பெயரை "அடிப்படைகளின் பேருருவம்" என்று தமிழில் சொல்லலாம். எதிரணியில் நின்று மோதியவர் வைத்த பெயர் என்பதால் அதற்கு மதிப்பு அதிகம்.

ஆகவே உதாரணமாகக் காட்டுங்கள் என்றே சொல்வேன். எதற்கான உதாரணம் என்பதைப் பற்றி மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

காலை_ஆறரை

பயிற்றுநர் அண்ணாவின் விளக்கத்தை மதிக்கிறேன், ஆனால் ஒரு தகப்பனுக்கு முழுப்படத்தையும் காட்ட வேண்டிய பொறுப்பு நமக்கு இருக்கிறது. டங்கனின் உயரம் 211 சென்றிமீற்றர். அதை எந்தப் பயிற்சியும் கொடுப்பதில்லை. அவரை 1997 ஜூனில் ட்ராஃப்ட்டின், அதாவது அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தெரிவுசெய்யும் நிகழ்வின், முதலாவது தெரிவாக எடுத்த சான் அன்டோனியோ ஸ்பர்ஸ், உண்மையில் ஒரு மோசமான அணியே அல்ல. அதன் நட்சத்திர வீரர் டேவிட் ரொபின்சன் காயமடைந்து 6 ஆட்டங்களில் மட்டும் ஆடியதால், அந்த ஒரு பருவத்தில் 20 வெற்றி, 62 தோல்வி என்று சரிந்த நல்ல அணி அது. முதல் தெரிவு பின்தங்கிய அணிகளுள் எதற்கு என்று தீர்மானிக்கும் சீட்டுக் குலுக்கலில் பொஸ்டனுக்குத்தான் அதிக வாய்ப்பு இருந்தது. முதலிடம் சான் அன்டோனியோவுக்கு விழுந்தது. கூடவே கிரெக் பொபோவிச் என்ற பயிற்றுநரும் கிடைத்தார். ட்ராஃப்ட்டுக்குப் பிறகு பொபோவிச் செயின்ட் குரோய்க்கே சென்று, அந்த இளைஞருடன் கடலில் நீந்திப் பேசிப் பழகியிருக்கிறார். எத்தனை விளையாட்டு வீரர்களுக்கு இப்படி ஒரு வாசல் திறக்கிறது?

அடுத்த பருவத்திலேயே அந்த அணி 56 ஆட்டங்களை வென்றது. 1999இல் கிண்ணத்தையும் வென்றது. 21 வயது இளைஞர் ஒருவர் தன்னைவிட மூத்த, தன்னைவிடப் புகழ்பெற்ற ரொபின்சனின் பக்கத்தில் நின்று, எதிரணியின் பலமான ஆளைத் தனியே சமாளிக்க வேண்டிய சுமையில்லாமல் தொழிலைத் தொடங்கினார். திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தத் திறமை விழுந்த நிலம் மிக நல்ல நிலம் என்கிறேன். வெள்ளவத்தை அண்ணா மகனிடம் இந்தக் கதையைச் சொல்லும்போது அந்த நிலத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தெகிவளை_வாசகி

நீங்கள் இருவரும் 1990இலிருந்து நேரே 1997க்குத் தாவிவிட்டீர்கள். என்னுடைய பார்வையில் டங்கனின் வாழ்க்கை தீர்மானிக்கப்பட்டது அந்த இடைவெளியில்தான்.

தாய் இறப்பதற்கு முன் பிள்ளைகளிடம் பட்டப்படிப்பை முடிக்க வேண்டும் என்று வாக்குறுதி வாங்கியிருந்தார். டங்கன் 1993இல் வேக் ஃபொரஸ்ட் பல்கலைக்கழகத்தில் டேவ் ஓடமின் அணியில் சேர்ந்தார். ஆடிய முதல் ஆட்டத்தில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. இரண்டாம் ஆண்டிலேயே அமெரிக்காவின் மிகச் சிறந்த மாணவ வீரர்களுள் ஒருவராகிவிட்டார். அப்போதே படிப்பை விட்டிருந்தால் பல இலட்சம் டொலர் சம்பளத்துடன் என்.பி.ஏ அணி ஒன்றுக்குப் போயிருக்கலாம். அவருடைய வயதினர் பலர் அப்படியே செய்தார்கள். அவர் நான்கு வருடமும் இருந்து, 1997இல் உளவியலில் பட்டம் பெற்ற பின்னரே வெளியேறினார். மாணவராக இருந்தபோது, தற்பெருமை மிகுந்தவர்களைப் பிறர் எப்படி எதிர்கொள்கிறார்கள் என்ற பொருளில் தம் ஆசிரியர்களுடன் சேர்ந்து ஓர் ஆய்வு அத்தியாயமும் எழுதினார். பிற்காலத்தில் அவர் எந்த வெற்றியிலும் மார்தட்டவில்லை என்று வியப்பவர்கள், இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் வெள்ளவத்தை அண்ணாவிடம் பணிவாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். "பார், அவரே படித்து முடித்துவிட்டுத்தான் விளையாடப் போனார்" என்று மகனுக்கு முன்னால் இதை ஒரு பிரம்பாக நீட்டிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் என் தங்கை வலைப்பந்தில் மாகாண மட்டம் வரை ஆடினாள். உயர்தரப் பரீட்சைக்கு ஒன்றரை வருடம் இருக்கும்போதே காலணியை மேலே தூக்கி வைத்துவிட்டார்கள். பாடசாலையும் அதையே விரும்பியது. அவள் பரீட்சையில் நன்றாகத்தான் சித்தியடைந்தாள். இன்றும் வலைப்பந்து ஆட்டம் தொலைக்காட்சியில் போனால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள். டங்கனின் தாய் படிப்பைக் கேட்டார்; அதற்கு விலையாக விளையாட்டைக் கேட்கவில்லை. மகனின் நீச்சல் போட்டிகளில் மற்ற எல்லோரையும்விட உரக்கக் குரல் கொடுத்து உற்சாகமூட்டியவர் அவர். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால்தான் அந்த வாக்குறுதியின் பொருள் முழுமையாகும்.

வாவிக்கரை

அக்காவின் பதிவை வாசித்துச் சில நேரம் அப்படியே இருந்துவிட்டேன். நான் மட்டக்களப்பில் பிறந்து, வேலைக்காகக் கொழும்புக்கு வந்தவன். கூடைப்பந்து என்றால் எங்கள் ஊரில் புனித மிக்கேல் கல்லூரிதான் முதலில் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலிருந்து 1948இல் வந்த இயேசு சபைத் துறவி யூஜின் ஹேபர்ட் அடிகளார் அங்கே பல தலைமுறைப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டைப் பழக்கினார். போர்க்காலத்திலும் ஊரை விட்டுப் போகாமல் இருந்தவர், 1990 ஓகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் சாரதியுடன் காணாமற் போனார். திரும்பி வரவேயில்லை.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், ஒரே அணியில் 19 பருவங்கள் என்பதைப் படிக்கும்போது எனக்கு முதலில் தோன்றுவது "தங்கியிருத்தல்" என்ற சொல். ஓர் ஆள் ஓரிடத்தில் நெடுங்காலம் தங்கும்போதுதான் அவர் அறிந்தது அடுத்தவருக்கு இறங்குகிறது. ரொபின்சன் அணியில் ஆறு பருவங்கள் டங்கனுடன் ஆடி, 2003இல் ஓய்வு பெற்றார். டங்கன் தம் இறுதிப் பருவங்களில் கவாய் லெனார்ட் என்ற இளைஞரின் பக்கத்தில் நின்றார். அந்த அணி அவர் ஆடிய 19 பருவங்களிலும் ஒன்றுகூட விடாமல் பிளேஓஃப் என்ற பருவ இறுதி வெளியேற்றச் சுற்றுக்குத் தகுதி பெற்றது. காலை ஆறரை அண்ணா நல்ல நிலம் என்று சொன்னார். முதல் ஆறு வருடங்களுக்கு அது சரி. பிறகு வந்த 13 வருடங்களுக்கு அந்த நிலமாக இருந்தவர் யார் என்று அவரிடமே கேட்கிறேன்.

காலை_ஆறரை

வாவிக்கரைத் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. நேற்று இரவு அதைப் பற்றியே யோசித்தேன்.

2000ஆம் ஆண்டை மறந்துவிட்டேன். அந்தப் பருவத்தின் இறுதியில் டங்கனுக்கு முழங்காலில் காயம் ஏற்பட்டு, பிளேஓஃப் ஆட்டங்களில் இறங்க முடியாமல் போனது. அதே கோடையில் அவருடைய ஒப்பந்தமும் முடிந்தது. ஒர்லாண்டோ மஜிக் அணி அவரையும் கிராண்ட் ஹில்லையும் சேர்த்து அழைத்தது. போய்விடுவார் என்றே பலரும் நினைத்தார்கள். ஹில் போனார், டங்கன் தங்கினார். அங்கே போன ஹில் கணுக்காற் காயத்தால் முதல் மூன்று பருவங்களில் மொத்தம் 47 ஆட்டங்கள் மட்டுமே ஆடினார். நான்காவது பருவம் முழுவதையும் இழந்தார். அவ்வளவு அருமையான ஆட்டக்காரருக்கு அப்படி நேர்ந்ததை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. ஆகவே அதிர்ஷ்டம் என்ற சொல்லை நான் முற்றாக மீளப் பெறவில்லை. தங்குவது என்ற முடிவு மட்டும் டங்கனுடையது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

2003 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் நியூ ஜேர்சிக்கு எதிராக டங்கன் எடுத்தவை 21 புள்ளிகள், 20 ரீபவுண்ட் (தவறித் துள்ளும் பந்தைப் பிடிப்பது), 10 அசிஸ்ட் (சக வீரரின் புள்ளிக்கு வழிசெய்யும் பந்துக் கொடுப்பு), 8 புளொக் (எதிராளியின் அடியைத் தடுப்பது). ரொபின்சனின் கடைசி ஆட்டமும் அதுவே. மூத்தவரை அதைவிட மரியாதையாக வழியனுப்ப முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் நான் உண்மையில் எழுத விரும்புவது 2013ஐப் பற்றி. அமெரிக்காவில் இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கும் ஆட்டம் கொழும்பில் காலை ஆறரைக்கு வரும்; என் பெயர் அங்கிருந்து வந்ததுதான். ஜூன் 19, புதன்கிழமை. வேலைக்குப் போக உடுத்திக்கொண்டு தேநீருடன் அமர்ந்தேன். மயாமியுடனான இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம்; வென்றால் டங்கனுக்கு ஐந்தாவது கிண்ணம். 37 வயது மனிதர் முதற்பாதியில் மட்டும் 25 புள்ளிகள் எடுத்தார். இறுதிக் கட்டத்தில் அணி மூன்று புள்ளிகள் முன்னிலையில் இருந்தபோது, மூன்று புள்ளி அடியைத் தடுப்பதற்கு வேகமான ஆட்கள் தேவை என்று பொபோவிச் அவரை வெளியே அமர்த்தினார். மயாமியின் லெப்ரோன் ஜேம்ஸ் போட்ட அடி தவறியது. துள்ளிய பந்தை கிறிஸ் பொஷ் எடுத்தார். அணியின் மிகச் சிறந்த ரீபவுண்ட் ஆட்டக்காரர் அந்த நேரத்தில் வாங்கில் இருந்தார். பொஷ் பந்தைக் கொடுக்க, ரே அலன் மூலையை நோக்கிப் பின்னால் அடியெடுத்து வைத்து, மூன்று புள்ளி அடியால் 5.2 வினாடி மீதமிருக்கும்போது 95க்கு 95 என்று சமப்படுத்தினார். மேலதிக நேரத்தில் 103க்கு 100 என்று தோற்றார்கள். அன்று அலுவலகத்துக்குப் பிந்திப் போனேன்.

இரண்டு நாள் கழித்து வந்த ஏழாவது ஆட்டம் அதைவிடக் கொடியது. ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் இருக்கும்போது, இரண்டு புள்ளிகள் பின்தங்கிய நிலையில், தம்மைவிட உயரம் குறைந்த ஷேன் பட்டியேயின் மேலாக, வாழ்நாள் முழுவதும் போட்டுவந்த கிட்டிய அடி ஒன்றை டங்கன் தவறவிட்டார். திரும்பி வந்த பந்தைத் தட்டினார், அதுவும் போகவில்லை. பின்னே ஓடிப் போய்க் குனிந்து இரண்டு உள்ளங்கைகளாலும் தரையை அறைந்தார். 16 வருடங்களாக முகத்தில் எதையும் காட்டாத மனிதரிடமிருந்து அந்த ஓசை வந்தது.

கொட்டாஞ்சேனை_பயிற்றுநர்

தம்பி, அந்தக் காட்சியை என் பிள்ளைகளுக்கு நான் போட்டுக் காட்டுவதுண்டு. அடுத்து வந்த பருவத்தையும் சேர்த்தே காட்டுவேன்.

அந்தத் தோல்விக்குப் பின் ஓய்வு பெற்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அதே பயிற்றுநர், அதே டோனி பார்க்கர், அதே மனு ஜினோபிலி ஆகியோருடன் திரும்பி வந்து, 2014இல் மயாமியையே மீண்டும் இறுதித் தொடரில் சந்தித்தார். சந்திக்கும் முன்னரே இம்முறை முடித்துக்காட்டுவோம் என்று வெளிப்படையாகச் சொன்னார். அப்படிப் பேசும் வழக்கம் அவரிடம் இருந்ததில்லை. முதலாவது ஆட்டத்தில் அரங்கின் குளிரூட்டி பழுதடைந்து எல்லோரும் வியர்வையில் நனைந்தபோது, 38 வயதில் 21 புள்ளிகளும் 10 ரீபவுண்டும் எடுத்தார். கொழும்பின் வெக்கையில் திறந்த மைதானத்தில் ஆடும் எங்கள் பிள்ளைகள் அந்த ஆட்டத்தைத் தனி உரிமையோடு பார்ப்பார்கள். 4க்கு 1 என்று வென்ற அந்தத் தொடரில், வென்ற நான்கு ஆட்டங்களிலும் வித்தியாசம் 15 புள்ளிகளுக்குக் குறையவில்லை. தொடரின் சிறந்த வீரர் விருது 22 வயது லெனார்ட்டுக்குக் கிடைத்தது.

இனி நான் முதலில் விட்டுவைத்த கேள்விக்கு வருகிறேன். டங்கன் எதற்கு உதாரணம்? 2002, 2003 ஆகிய இரு ஆண்டுகளிலும் அவரே என்.பி.ஏயின் பெறுமதிமிக்க வீரர். அந்நாட்களில் ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 40 நிமிடங்கள் ஆடினார்; பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் நிமிடங்கள் 30க்குக் கீழே இறங்கிவிட்டன. முழங்காலைக் காப்பாற்ற உடல் எடையைக் குறைத்தார். பந்தைப் பார்க்கரும் ஜினோபிலியும் கையாள விட்டார். 2011/12 பருவத்தில் 2 கோடி டொலருக்கு மேல் சம்பளம் வாங்கியவர், அடுத்த ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ அதன் பாதிக்கு இணங்கினார். மிஞ்சிய பணத்தில் அணி மற்ற வீரர்களை வைத்துக்கொள்ள முடிந்தது. 2012 மார்ச்சில் அவருக்கு ஓய்வு கொடுத்த ஓர் ஆட்டத்தின் பதிவேட்டில், ஆடாமைக்குக் காரணம் "முதுமை" என்றே எழுதப்பட்டது. அவர் அதற்குக் கோபிக்கவில்லை.

ஒரு வீரருக்குப் புதிதாக ஒன்றைக் கற்பது சுலபம். தன்னிடம் இருப்பதை, அது இன்னமும் தன்னிடம் இருக்கும்போதே, ஒவ்வொன்றாக இறக்கி வைப்பதுதான் கடினம். நான் பழக்கிய திறமைசாலிகளில் மிகப் பலர் அந்த இடத்தில்தான் நின்றுபோனார்கள். பாடசாலை அணியில் நட்சத்திரமாக இருந்தவன் கழக அணியில் ஆறாவது ஆளாக இறங்கச் சம்மதிக்க மாட்டான், அத்தோடு விளையாட்டே முடிந்துவிடும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது புகழ்மாலை ஆகிவிடும். ஃப்ரீ த்ரோவில் அவர் கடைசிவரை தடுமாறினார். யாரும் தடுக்காத அந்த அடியில் வாழ்நாள் சராசரி 70 சதவீதத்தைத் தொடவில்லை. 2003/04 பருவத்தில் 60 சதவீதத்துக்கும் கீழே போனது. அடிப்படைகளின் பேருருவத்துக்கும் ஓர் அடிப்படை பிடிபடவில்லை. அதை வைத்துக்கொண்டே 26,496 புள்ளிகள் எடுத்தார்.

தெகிவளை_வாசகி

பயிற்றுநர் அண்ணா, "இறக்கி வைப்பது" என்று நீங்கள் எழுதியதை என் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். தானாக இறக்கி வைப்பதும் பிறர் பறித்து வைப்பதும் ஒன்றல்ல என்று சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே இங்கே பதிகிறேன்.

இன்னொரு விடயமும் பேசப்பட வேண்டும். இலங்கையில் கூடைப்பந்தை மட்டும் தொழிலாகக் கொண்டு வாழும் வழி இல்லை. நன்றாக ஆடும் பிள்ளைகள் படைத்துறை அணிகளிலோ வங்கி, நிறுவன அணிகளிலோ வேலை பெற்று, வேலையோடு விளையாட்டையும் தொடர்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் தம் உயரத்தையும் கைநேர்த்தியையும் கொண்டு அவுஸ்திரேலியாவில் வலைப்பந்துக் கழக அணியில் ஆடும்வரை போனார். அது நம் கண்முன்னே நடந்தது, பெருமைப்படத்தக்கது. ஆனாலும் அதற்கு அவர் கடல் கடக்க வேண்டியிருந்தது. எனவே அண்ணா, மகனிடம் என்.பி.ஏ என்ற சொல்லை வாக்குறுதியாகச் சொல்ல வேண்டாம். அவன் விளையாட விரும்புகிறான், விளையாடட்டும். சாதாரண தரப் பரீட்சை வருடத்திலும் வாரத்தில் இரண்டு நாளாவது மைதானத்துக்குப் போக இடம் விடுங்கள். இப்போதைக்கு அவனுக்குத் தேவையான வாக்குறுதி அதுதான் என்று நினைக்கிறேன்.

வாவிக்கரை

அக்காவுடன் முழுதாக உடன்படுகிறேன். கடைசிக் காலத்தைப் பற்றிச் சில வரிகள் சேர்க்கிறேன். 2015/16 பருவத்தில் அவருடைய சராசரி 8.6 புள்ளிகளாகக் குறைந்தது. அணியோ அந்தப் பருவத்தில் 67 ஆட்டங்களை வென்றது. ஒக்லஹோமா சிட்டியில் மே 12 அன்று நடந்த கடைசி ஆட்டத்தில் அவர் 19 புள்ளிகள் எடுத்தும் அணி தோற்றது. ஊர் ஊராகப் பிரியாவிடைப் பரிசுகள் வாங்கும் சுற்றுப்பயணம் எதுவும் இல்லை. 2016 ஜூலை 11 அன்று அணி ஓர் அறிவிப்பு வெளியிட்டது, அவ்வளவுதான். 1,392 ஆட்டங்கள், ஐந்து கிண்ணங்கள், ஒரே சட்டை. மூன்று வருடம் கழித்துப் பொபோவிச்சின் உதவிப் பயிற்றுநராக ஒரு பருவம் வந்து, அதே வாங்கில் அமர்ந்தார்.

காலை_ஆறரை

நான் எழுதிய முதல் பதிவைத் திரும்ப வாசித்தேன். திருத்தப் போவதில்லை, உயரமும் குலுக்கலும் உண்மைதான். ஆனால் வெள்ளவத்தை அண்ணா, அந்தப் பதிவை மகனுக்கு வாசித்துக் காட்டுவதாக இருந்தால், பயிற்றுநர் அண்ணாவின் இரண்டாவது பதிவுக்குப் பிறகு காட்டுங்கள். வரிசை முக்கியம் என்று தோன்றுகிறது.

வெள்ளவத்தை_அப்பா

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை இந்த இழை முழுவதையும் மகனும் நானும் பக்கத்தில் அமர்ந்து வாசித்தோம். சில இடங்களில் அவன்தான் எனக்கு விளக்கம் சொன்னான். 2013இன் ஏழாவது ஆட்டத்தைத் தேடி எடுத்து, அந்தத் தரையை அறையும் இடத்தை மூன்று தடவை பார்த்தான். பிறகு "அந்த அம்மா அவர் பட்டம் வாங்கியதைப் பார்க்கவில்லையே" என்று மட்டும் சொன்னான். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

தெகிவளைத் தங்கை கேட்டபடி வாக்குக் கொடுத்துவிட்டேன். சாதாரண தர வருடத்திலும் வாரத்தில் இரண்டு நாள். ரியூஷன் நேரத்தை மாற்றித் தரும்படி ஆசிரியரிடம் நானே பேசுவேன். அவனுடைய அம்மாவும் சம்மதித்துவிட்டார். தங்கள் சகோதரிக்கும் எங்கள் அன்பைச் சொல்லுங்கள்.

பயிற்றுநர் ஐயாவிடம் இரண்டு கேள்விகள். நீச்சலை நிறுத்த வேண்டுமா? பிந்தி வரும் பிள்ளை முதல் மூன்று மாதம் எதைப் பழக வேண்டும்?

கொட்டாஞ்சேனை_பயிற்றுநர்

நீச்சலை நிறுத்த வேண்டாம் ஐயா. வளரும் வயதில் முழங்காலுக்குப் பாரம் கொடுக்காமல் மூச்சையும் தோளையும் வளர்க்கும் பயிற்சி அதைவிட வேறில்லை. கிழமைக்கு ஒரு நாள் தடாகம், இரண்டு நாள் மைதானம் போதும்.

முதல் மூன்று மாதத்துக்கு மூன்று புள்ளி அடியின் பக்கமே போகக் கூடாது. பந்தில்லாமல் காலடி, ஒரு காலை ஊன்றி மறுகாலால் சுழல்தல், இரண்டு கையாலும் லே-அப், அதாவது ஓடிவந்து கூடையருகே எழும்பிப் போடும் அடி. பிறகு கூடைக்கு மூன்றடி தூரத்தில் இடப்பக்கம் 50, வலப்பக்கம் 50 என்று பலகையில் பட்டு விழும் அடி. கை பழகியபின் ஒவ்வோர் அடியாகப் பின்னே நகரலாம். நாள் முடிவில், களைத்துப் போன பின், 20 ஃப்ரீ த்ரோ. டங்கனுக்குப் பிடிபடாத அந்த ஒன்றை இவன் பிடித்துக்கொள்ளட்டும்.

சனிக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு அழைத்து வாருங்கள். முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன். எங்கள் மைதானத்தில் வாசல் பக்கக் கூடையின் பலகை ஆணி தளர்ந்து ஆடுகிறது, அதில் பந்து எப்படித் திரும்பும் என்று கணிக்க முடியாது. சுவர்ப் பக்கக் கூடையில் தொடங்குவோம்.